இரண்டாம் பீக்கரில் ஒரு முட்டை

"முட்டைக்குத்தான் வாயே இல்லையே டீச்சர், அது எப்படித் தண்ணி குடிக்கும்?"

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எப்போதோ கேட்ட கேள்வி. அறிவியல் டீச்சர் அதைச் சிரித்துத் தள்ளாமல் நோட்டின் மூலையில் குறித்து வைத்திருந்தார். வியாழக்கிழமை ஓர் அதிகாரி வந்து தன் வகுப்பைப் பார்க்கப்போகிறார் என்றதும் அந்தக் கேள்வியையே பாடமாக்கிவிட்டார். மூன்று வருடமாகத் தற்காலிக வேலை. அதிகாரி தலையசைத்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஏற்பாடெல்லாம் ஆய்வகப் பணியாளர் பொறுப்பு. பள்ளிக்கூடம் முழுக்க அவரை 'லேப் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். இரண்டு முட்டைகளை வினிகரில் ஊறப்போட்டு ஓட்டைக் கரைத்துவிட்டார். மிஞ்சியவை மெல்லிய சவ்வு போர்த்திய இரண்டு வழுவழு உருண்டைகள். முதல் பீக்கரில் வெறும் தண்ணீர், இரண்டாம் பீக்கரில் உப்புத் தண்ணீர்; இரண்டிலும் லேபிள் ஒட்டினார். அந்தச் சவ்வு தண்ணீரைப் போகவர விடும். உப்பை லேசில் விடாது. உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் நகர்ந்துவிடும். ஆகவே முதல் முட்டை பருக்கும், இரண்டாவது சுருங்கும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் இப்படித்தான் பிழைக்கிறது என்று டீச்சர் சொல்லி முடிக்க வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

செவ்வாய் மதியம் லேப் அண்ணன் முட்டைகளைப் போட்டார். புதன் காலை வந்து பார்த்தால், இரண்டாவது முட்டை புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று பருத்துக் கிடந்தது.

"அண்ணே, எல்லாம் ரெடிதானே?" வாசலிலிருந்தே டீச்சர் கேட்டார்.

"ரெடி டீச்சர்."

"ரெண்டாவது சுருங்கிடுச்சா?"

"சுருங்கிக்கிட்டே இருக்கு டீச்சர்."

சொன்ன பொய்யில் அவர்தான் சுருங்கிப்போனார். ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்தபோது, அதில் இன்னொரு கவலையை ஏற்ற மனசு வரவில்லை. உப்பு போதவில்லை போலிருக்கிறது என்று இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கிவிட்டு, பீக்கரின் முன்னால் குனிந்து நின்றார்.

"என்ன தம்பி, முட்டைகிட்ட பேசிக்கிட்டு இருக்கீங்க?" துடைப்பமும் வாளியுமாக வந்தார் பெருக்கும் அக்கா.

"பேசலக்கா, கெஞ்சிக்கிட்டு இருக்கேன்."

"அடைகாக்கற கோழிகூட இம்புட்டுக் கவலப்படாது. போய்ச் சாப்பிடுங்க, நான் பாத்துக்கறேன்."

சாப்பிட்டு வந்து பார்த்தார். முட்டை இன்னும் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது.

இந்த உப்பிலேயே சத்து இல்லை என்று முடிவுகட்டினார். சர்க்கரைப் பாகிலும் சுருங்கும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. கெட்டியாகப் பாகு காய்ச்சி, ஆறவைத்து, இரண்டாம் பீக்கரில் ஊற்றினார். அவசரத்தில் கொஞ்சம் மேஜையிலும் ஊற்றினார். மணியடித்துவிட்டு வருவதற்குள் எறும்புகள் சாரை சாரையாக வந்து, பக்கத்தில் நின்ற ஆய்வக எலும்புக்கூட்டின் விலா வரைக்கும் ஏறிவிட்டன. முட்டை மட்டும் குத்துக்கல்லாட்டம் அதே பருமனில் இருந்தது.

எறும்பு ஏறாமலிருக்க, தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் பீக்கர்களை வைத்துவிடலாம் என்று முதல் பீக்கரைத் தூக்கினார். அது குழாயில் இடித்தது. உள்ளே விம்மிப் புடைத்திருந்த முட்டை 'ப்ளக்' என்று உடைந்து தண்ணீரோடு கலந்தது.

இனி இருப்பது ஒன்றே ஒன்று.

"கடவுளே, ஒரு முட்டைக்காக உன்னைக் கூப்பிடறதுக்கு மன்னிச்சுக்கோ," என்றார் லேப் அண்ணன். "எனக்காக இல்ல. அந்த டீச்சர் பொண்ணுக்காக."

வியாழன் காலை எட்டு மணிக்கே வந்து, கரையும் மட்டும் உப்பைக் கரைத்து, மிஞ்சிய முட்டையை அதில் விட்டார். அது மிதந்தது. துணியால் மூடிவிட்டு நாற்காலி தேடப் போனார். அதிகாரிக்குக் கைவைத்த நாற்காலிதான் வேண்டுமாம்.

பதினொரு மணிக்கு வகுப்பு நிறைந்திருந்தது. அதிகாரி கடைசி வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது உப்புத் தண்ணியில இருந்த முட்டை. என்ன ஆகியிருக்குன்னு பாருங்க," என்று டீச்சர் துணியை எடுத்தார்.

கொழுகொழுவென்று ஒரு முட்டை.

அதிகாரியின் புருவம் மேலே போனது. லேப் அண்ணன் விறுவிறுவென்று முன்னால் வந்தார்.

"சார், தப்பு முழுக்க என்னோடது. ஒரு முட்டைய உடைச்சேன், இன்னொண்ணக் கெடுத்தேன். டீச்சருக்கு எதுவுமே தெரியாது. எழுதறதா இருந்தா என்னப் பத்தி எழுதுங்க."

அப்போது ஜன்னலோரம் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், உப்புத் தண்ணின்னா முட்டை மிதக்கும்ல? இது அடியில கிடக்கே. இது உப்புத் தண்ணியே இல்ல டீச்சர்!"

டீச்சருக்கு உயிர் வந்தது. "அப்படியா? எப்படிக் கண்டுபிடிக்கலாம், நீங்களே சொல்லுங்க."

உப்பு வந்தது. பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொரு கரண்டி போட்டுக் கலக்கினார்கள். ஏழாவது கரண்டியில் முட்டை மெல்ல அசைந்து மேலே கிளம்பியது. கைதட்டலில் எறும்புகள்கூட ஓடியிருக்கும். பாடம் முடிகிற நேரத்தில் சவ்வில் லேசாக ஒரு சுருக்கம் விழுந்தது.

"வாய் இல்லதான்," என்றார் டீச்சர். "ஆனா உடம்பு முழுக்க வாசல்."

அதிகாரி பக்கம் நிறைய எழுதினார். போகும்போது டீச்சரிடம், "லேபிளை நம்பாம கண்ணை நம்பற பிள்ளைங்களை இப்பதாம்மா பாக்கறேன். நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதிட்டேன்," என்றார். டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை லேப் அண்ணன் பார்க்காதது போல் திரும்பிக்கொண்டார்.

பிள்ளைகள் போன பிறகு பீக்கரைக் கழுவியபடி அவர் தனக்குள் முணுமுணுத்தார். "எல்லாம் சரி. நான் கொட்டின அத்தனை உப்பும் எங்கதான் போச்சு?"

பெருக்கும் அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கிட்டே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நான் காய்ச்சல்ல கிடந்த பதினோரு நாளும் என் வராந்தாவ யாரு சத்தமில்லாம பெருக்கினதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? அதான், பாவம் இந்த மனுசன் ஒத்தையாளா அல்லாடுறாரேன்னு, நீங்க அந்தப் பக்கம் போறப்பல்லாம் ரெண்டாவது பீக்கர்ல கலங்கிக் கிடந்த தண்ணியக் கொட்டிட்டு நல்ல தண்ணி புடிச்சு வெச்சேன்."