பச்சை வழிக்காரர்

வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களில் ஓர் இனம் உண்டு, உங்களுக்கும் தெரிந்திருக்கும். சுங்க அதிகாரியை ஏமாற்றியே தீருவது என்று சபதம் எடுத்துக்கொண்ட இனம். ஏமாற்றுவதற்குக் கையில் ஏதாவது இருக்கிறதா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

நம்மவர் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் மேலாளர். அங்கே யார் வெளிநாடு கிளம்பினாலும் அவரிடம் பாடம் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுவார்கள். "பொருளைக் காட்டிட்டுப் போற சிவப்பு வழி அசடுங்களுக்கு. நாம ஒண்ணுமில்லேன்னு போற பச்சை வழி. நேராப் பாத்து நடக்கணும், நடுவுல ஒரு கொட்டாவி விடணும். கொட்டாவி விடறவனை எவனும் சந்தேகப்பட மாட்டான்." அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'பச்சை வழி'.

இந்த முறை மனைவியோடு போனவர், புகைப்படக்கலை படிக்கும் மகளுக்காகப் பாதி விலைத் தள்ளுபடியில் ஒரு கேமரா வாங்கினார். விடுதி அறையில் அதன் பெட்டியைக் கிழித்து, ஒட்டியிருந்த தாள்களை நகத்தால் சுரண்டி, பழசாகத் தெரியட்டும் என்று தோள்வாரில் காப்பியைத் தடவி, கடைசியில் பில்லையும் சுக்குநூறாக்கிக் குப்பைக்கூடையில் போட்டார்.

"என்னங்க, வாரண்டிக்குப் பில்லு வேணுமே?"

"பில்லுதான் நமக்கு எதிரி. உனக்கு இதெல்லாம் புரியாது."

ஊர் வந்ததும், தான் வாங்கிய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் சிவப்பு வழிக்குப் போனார். பில்லைப் பார்த்த அதிகாரி, "வரியில்லாத வரம்புக்குள்ளதான் இருக்கும்மா, போங்க" என்றார். இரண்டு நிமிடம்.

இவர் பச்சை வழியில் நடந்தார். கொட்டாவி விட்டார். யாரும் பார்க்கவில்லை. கலை வீணாகலாமா? இன்னொன்று விட்டார். மூன்றாவதில் ஓர் இளம் பெண் அதிகாரி கைகாட்டி நிறுத்தினார்.

"உடம்பு சரியில்லையா சார்?"

"என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நான் அதைக் கேக்கலையே."

பை திறந்தது.

"கேமரா புதுசா?"

"பழசு. நாலு வருஷமா வச்சிருக்கேன்."

அதிகாரி கேமராவின் பொத்தானை அழுத்தினார். தேதியையும் மொழியையும் தேர்ந்தெடுக்கும்படி கேமரா பணிவாகக் கேட்டது.

"நாலு வருஷமா தேதியே வைக்கலையா சார்? சரி, பில்லு குடுங்க. விலை குறைவா இருந்தா வரியே கிடையாது."

நம்மவருக்கு விடுதிக் குப்பைக்கூடை ஞாபகம் வந்தது. பில் இல்லாததால் முழு விலைக்கு வரி போட்டார்கள். பொய்க்கு அபராதம் தனி.

வெளியே மனைவி காத்திருந்தார். "என்னாச்சு?"

"அந்தப் பொண்ணு வேலைக்குப் புதுசு. கொஞ்சம் சொல்லிக்குடுத்துட்டு வந்தேன்."

அந்த அம்மாள் அவர் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்த அபராதச் சீட்டை உருவினார், படித்தார், மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். "வாரண்டிக்கு இதைக் காட்டிப் பாப்போம்."

திங்கட்கிழமை அலுவலகத்தில் வகுப்பு வழக்கம்போல் நடந்தது. திருத்தம் ஒன்றுதான்: பில்லைக் கிழிக்கக் கூடாதாம், காலுறைக்குள் வைக்க வேண்டுமாம்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அது சரி, போன தடவை நீங்கள் திரும்பி வந்தபோது, புதுச் சட்டையின் விலைச்சீட்டை விமானத்தில் உட்கார்ந்து எதற்குப் பிய்த்துக்கொண்டிருந்தீர்கள்?