தொண்ணூத்திரெண்டு பெர்சன்ட்டு

கல்யாணமாகி பதினாலு வருஷத்துல மொத தடவையா ஒரு வீரமான முடிவு எடுத்தேன். என் பொஞ்சாதி யசோதராவுக்குத் தெரியாம, என் தோஸ்து சாவியோவோட நாலு நாளு கோவா போறதுன்னு.

அவளாண்ட, "எங்க எண்ணூர் யார்டுல எனக்கு வெசாகப்பட்டணத்துல நாலு நாளு டிரெய்னிங் போட்டுக்கிறாங்க. வெள்ளிக்கிழம கெளம்பணும்"னு அள்ளி வுட்டேன்.

"அப்படியா? ஆர்டர் லெட்டர காட்டு. அப்பால போ."

மாட்டிக்கினேன். ஆனா சாவியோ திருவொத்தியூர்ல டி.டி.பி. கடை வெச்சிகிறான். போன் போட்டேன்.

"லெட்டருதான மாமு? சீலோட அனுப்புறேன். வாட்ஸ்அப்புல போடவா?"

"அடப்பாவி! என் போனு பாதி நாளு அவ கையிலதான் கீது. மெயில்ல அனுப்பு."

அனுப்பினான் புண்ணியவான். லெட்டரு, ரெயில் டிக்கெட்டு, ஓட்டல் போட்டோ பன்னெண்டு, எல்லாத்தயும் ஒரே மூட்டையா கட்டி.

எனக்கு ராத்திரி ஷிப்ட்டு. காலைல வூட்லதான் இருப்பேன். திங்கக்கிழம பத்து மணிக்கு யசோதரா காசிமேட்டுல வாங்கின வாள மீன உப்பு போட்டு காய வெக்க மாடி ஏறினா. இதான் சான்ஸுன்னு கம்ப்யூட்டர தொறந்தேன். டவுன்லோடு ஓடுச்சு. பத்து. நாப்பது. எம்பது. தொண்ணூத்திரெண்டு.

நெட்டு அவுட்டு. மோடத்துல செவப்பு லைட்டு.

மறுநாளும் அவ மாடி ஏறினா, நானும் ஆரம்பிச்சேன். அதே தொண்ணூத்திரெண்டு. மோடத்த தட்டினேன், தொடச்சேன், கெஞ்சினேன். கம்பெனிக்கு போன் போட்டா, "எங்க சைடு எல்லாம் கிளியரா இருக்கு சார்"னு ஒரு பொண்ணு தேன் ஒழுகப் பேசுது. எனக்கு வந்த கடுப்புக்கு அந்த ஒயரையே புடுங்கி எறிஞ்சிருப்பேன்.

"இன்னா மாமா, மூஞ்சி பேஜாரா கீது? லெட்டரு வரலியா?"ன்னு கேட்டா மாடி எறங்கி வந்த யசோதரா.

"நெட்டு கலீஜு மே. வந்துகினேகீது, எறங்க மாட்டேங்குது."

"ஐயோ பாவம்"னு சொல்லிட்டு டீ குடுத்தா. நல்ல பொம்பளைய ஏமாத்துறமேன்னு ஒரு நிமிஷம் நெஞ்சு வலிச்சுது. ஒரே நிமிஷந்தான்.

புதன்கிழம சாவியோவாண்ட, "லெட்டர மட்டும் தனியா அனுப்புடா, லேசா இருந்தா எறங்கும்"னேன்.

"சரி மாமு"ன்னான். குரலு கம்மிகினு இருந்துச்சு. ஜலுப்புன்னு நெனச்சேன்.

வியாழக்கிழம யசோதரா மாடி ஏறல. நாற்காலிய இழுத்துப் போட்டு என் பக்கத்துலயே குந்திகினா.

"இன்னிக்கு லெட்டரு வரலன்னா டிரெய்னிங்கும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. தட்டு."

தட்டினேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நூறு! கம்பெனி பேரு, சீலு, கையெழுத்து, எல்லாம் ஜம்முனு கீது.

"வந்துச்சு பாத்தியா!"

"சத்தமா படி மாமா."

நெஞ்ச நிமித்தி படிச்சேன். "திரு. வரதன் அவர்களுக்கு. தங்களது நான்கு நாள் பயிற்சி விசாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்டுள்ளது. இடம், தங்கள் வீட்டு மொட்டைமாடி. பாடம், கருவாடு காய வைத்தல் மற்றும் காக்கா விரட்டுதல். மேற்பார்வை, திருமதி யசோதரா, திருமதி ரோசி சாவியோ. மேற்பார்வையாளர்கள் முகாம், கோவா."

மறுக்கா மேலேருந்து படிச்சேன். அதேதான் இருந்துச்சு.

"அந்த மெயில் ஐ.டி. யாரு தொறந்தது?"ன்னா அவ. "கேஸ் சிலிண்டரு புக் பண்ண நான் தொறந்தது. உனக்கு வர்றதெல்லாம் என் போன்லயும் வருது. உனக்கு தொண்ணூத்திரெண்டு, எனக்கு நூறு."

"அப்ப நெட்டு?"

"மாடி வழியா நெட்டு கேபிள் இழுக்க வந்தவன், 'இதுமேல ஒண்ணும் தொங்க வுடாதீங்கக்கா, மடங்கினா நெட்டு பூடும்'னு என்னாண்ட சொல்லிட்டுப் போனான். மூணு நாளா வாள மீன அதுலதான் கட்டித் தொங்கவுட்டேன். ரோசிகிட்ட பேசி டிக்கெட்ட மாத்த டைம் வோணும்ல?"

"ரோசிகிட்டயா!"

"ஆமா, அவ மெரட்டித்தான் சாவியோ இந்த லெட்டர அடிச்சான். அவனுக்கும் டிரெய்னிங்தான். அவன் வூட்ல தண்ணி புடிக்கிறது." அப்பால லெட்டர பாத்தா. "ஆர்டர்னா ஆர்டருதான் மாமா. யார்டுல நீ போட்ட லீவ கேன்சல் பண்ணாத."

வெள்ளிக்கிழம யசோதராவும் ரோசியும் ரெயில் ஏறினாங்க. ஏறி குந்தினதும் யசோதரா ஜன்னல் வழியா, "மீன கேபிள்ல கட்டாத, பாயில போடு. போட்டோ அனுப்புவோம்"னா.

இப்போ மொட்டைமாடியில கம்போட குந்திகினுகீறேன். கோவா போட்டோ பதினெட்டு எம்.பி., ஒரே மூச்சுல எறங்குது.