பொறுத்தாண்டவரின் பூசாரியார்

அடுத்தவர் காலில் தைத்த முள்ளின் வலியை எவ்வளவு காலமானாலும் தாங்கக்கூடிய ஓர் இனத்தார் நம்மிடையே வாழ்கிறார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்கள் கூரை ஒழுகினால் 'மழைதானே, விட்டுவிடும்' என்பார்கள். உங்கள் மகளை மருமகன் அடித்தால் 'குடும்பமென்றால் அப்படித்தான்' என்பார்கள். உங்கள் பல் வலித்தால் 'தன்பாட்டில் போகும்' என்று சொல்லிவிட்டுத் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். பெரும்பாலும் இவர்கள் ஊருக்கு ஊர் உதிரியாகத்தான் தொண்டு செய்கிறார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம், கோரைத்துறையில் மட்டும் இவர்களுக்கென்று ஒரு சாமியே இருக்கிறார்.

அவர் பெயர் பொறுத்தாண்டவர். தலையில் பாறாங்கல்லைச் சுமந்தபடி குந்தியிருப்பார். தொடையில் கட்டெறும்பு ஏறுவதுபோல் செதுக்கியிருப்பார்கள். முகத்தில் ஒரு சுளிப்பு இராது. மற்றச் சாமிகள் மழை தருவார்கள், பிள்ளை தருவார்கள், சில சாமிகள் விசாகூடத் தருவார்கள். பொறுத்தாண்டவர் ஒன்றும் தரமாட்டார். ஒன்றும் கிடைக்காததைத் தாங்கும் பலத்தை மட்டும் தருவார். இப்படியொரு சாமி வாய்த்த பூசாரிக்கு உலகத்தில் என்ன குறை? நேர்த்தி பலிக்கவில்லை என்று எவராவது வந்து சண்டை பிடிக்க முடியுமா?

தம்பாப்பிள்ளைப் பூசாரியாருக்கு அந்தக் குறை இருந்ததே இல்லை. அவருக்குக் கீழே இரண்டு உதவிப் பூசாரிகள்: அவர் 'பொறு' என்று சொல்லும்போது தலையாட்ட ஒருவர், பெருமூச்சு விட மற்றவர். வெள்ளிக்கிழமைகளில் அடியார்கள் உச்சி வெயிலில் கொதிக்கும் மணலில் முழங்காலில் நிற்க, மூவரும் மண்டபத்து நிழலில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து, "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்..." என்று உருகிக்கொண்டிருப்பார்கள். கரண்ட் நின்றால் மட்டும், விசிறி சுற்றி ஓயுமுன்னே பூசாரியார் மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுத்துவிடுவார். சாமிக்குப் புழுங்குமாம்.

போன மாரியில் இவருக்கு ஒரு சோதனை வந்தது.

அந்த வருடம்தான் கோயிலைச் சுற்றிப் புதிதாக மதில் எழுப்பினார்கள். வட்டை என்கிற வயல்வெளியில் நிற்கும் வெள்ளம் வாவிக்கு வடிகிற வாய்க்கால் கோயில் வளவை ஊடறுத்துப் போனது. அதற்கு வழி விட்டுக் கட்டினால் மதிலின் அழகு கெடும் என்றார் பூசாரியார். மதில் அழகாக வந்தது; வாய்க்கால் மூடுண்டது. மழை பிடித்ததும் தண்ணீர் போக இடமில்லாமல் வயலில் ஏறியது. வயல் போதாமல் வளவுகளில் ஏறியது. கடைசியில் அடுப்படிகளுக்குள்ளும் வந்து குந்தியது. கதிர் தள்ளப்போகிற பயிர் கழுத்தளவு வெள்ளத்தில் நின்றது.

அந்த வட்டையில் தனியாக வேளாண்மை செய்கிறவள் மேனுகா. புருஷன் கட்டாரில் வேலை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நனைந்தபடி கோயிலுக்கு வந்தாள்.

"பூசாரியார், மதில்ல ஒரு வழி வெட்டி விடுங்க. இன்னும் நிண்டா பயிர் அழுகிரும்."

"பொறு புள்ள. சாமியப் பாரு, தலையில கல்லு. உனக்கு வெறும் தண்ணிதானே."

ஒருவர் தலையாட்டினார். மற்றவர் பெருமூச்சு விட்டார்.

"சாமியே கல்லுதானே, பூசாரியார். நான் புள்ளகுட்டிக்காரி."

"பாத்தியா வாய! இந்த வாய்க்குத்தான் ஆண்டவர் இந்தச் சோதனையத் தந்திருக்கார். போய்ப் பொறு."

மேனுகா வீட்டுக்குப் போனாள். அடுப்பு முழுகிக் கிடந்தது. பிள்ளைகள் கட்டிலின்மேல் ஏறி, மிதந்து போகும் செருப்புகளை எண்ணி விளையாடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வளவுப் புஸ்பம் வேலியோரம் நின்று கேட்டாள்:

"மறுகா என்னகா செய்யப்போறாய்?"

"அவர் சொன்னதத்தான் செய்யப்போறன். பொறுக்கப்போறன். ஆனா இஞ்ச இல்ல."

மறுநாள் காலை பூசாரியார் கோயிலுக்கு வந்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. பாய், பானை, பிள்ளைகள், ஆடுகள் எல்லாவற்றோடும் ஊர்ப் பெண்கள் வந்து குடியேறியிருந்தார்கள். ஊரிலேயே உயரமாகக் கட்டிய இடம் அந்த மண்டபம்தானே? முதலில் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. 'பாவங்கள், ஆண்டவரின் காலடிக்கு வந்திருக்குதுகள்' என்று நினைத்துக்கொண்டார்.

அந்தப் பெருமை மத்தியானம்வரை தாங்கவில்லை. ஈரவிறகுப் புகை அவர் கண்ணைக் கரித்தது. அவர் வழமையாகச் சாய்கிற கதிரையில், நேரே விசிறிக்குக் கீழே, யாரோ ஒரு குழந்தையின் ஈரத்துணிகள் காய்ந்தன. சாமிக்குச் சாத்த வைத்திருந்த மாலையை ஓர் ஆடு நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

"இது கோயில் புள்ள!" என்று கத்தினார்.

"ஓம் பூசாரியார். அதுதான் இஞ்ச வந்து பொறுக்கிறம்," என்றாள் மேனுகா. "நீங்களும் கொஞ்சம் பொறுங்க."

தலையாட்டுகிற உதவிப் பூசாரி பழக்கதோஷத்தால் அவளுக்கும் தலையாட்டிவிட்டார்.

பூசாரியாருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். ஒரு தடவைகூட அவரை நோக்கி வந்ததில்லை. வந்து தைத்தபோதுதான் அதற்கு இவ்வளவு கூர் இருப்பது தெரிந்தது. போனை எடுத்தார். ஏறாவூரில் மண்வெட்டும் பெக்கோ இயந்திரம் வைத்திருக்கிற மஜீட்டை அழைத்தார்.

"மஜீட் காக்கா, உடனே வாங்க. மதில இடிக்கணும்."

"நல்ல மழையாக் கிடக்கே பூசாரியார். விடட்டும், கொஞ்சம் பொறுங்க."

"பொறுக்க ஏலாது!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கோரைத்துறையின் சரித்திரத்தில் பொறுமை இழந்த முதல் ஆள் பொறுத்தாண்டவரின் பூசாரியார்தான்.

பின்னேரத்துக்குள் மதில் உடைந்தது. வெள்ளம் இரைந்துகொண்டு வாவிக்குள் பாய்ந்தது. ஆனால் மேனுகாவின் பள்ளக்காணி அதற்குள் அழுகிவிட்டிருந்தது. கறுத்துச் சாய்ந்த பயிரைப் பார்த்தபடி அவள் வரம்பில் நெடுநேரம் நின்றாள். "மேட்டுப் பக்கமாவது தப்பிச்சே கா," என்றாள் புஸ்பம். கேட்ட அன்றைக்கே வழி விட்டிருந்தால் முழுவதும் தப்பியிருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரியார் என்ன சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "பாத்தீங்களா? நீங்க பொறுத்தீங்க, ஆண்டவர் வழி விட்டார்!" மதில் உடைந்த இடத்துக்குத் 'திருவாசல்' என்று பெயர், இப்போது அங்கே கற்பூரம் எரிகிறது. அழுகிய பயிருக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: அந்தப் பக்கத்துப் பொறுமை கொஞ்சம் குறைவாம். பேச்சு முடியுமுன்னே மேனுகா எழுந்து போய்விட்டாள்.

அவர் கதை அவ்வளவுதான். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வாசித்துக்கொண்டு வரும்போது, என்ன இருந்தாலும் கோயிலுக்குள் ஆட்டைக் கொண்டுபோனது கொஞ்சம் அதிகம்தான், அந்தப் பெண் இன்னும் ஒரு நாள் பொறுத்துப் பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியதா?

தோன்றியதென்றால், கோரைத்துறையில் பெருமூச்சு விடுகிறவருக்கு வயதாகிவிட்டது. அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள்.