திங்கட்கிழமை மழையும் பச்சைக் கொழுந்து முத்திரையும்

உலகத்தில் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி எதைக் கண்டுபிடித்தாலும், அது அவருடைய மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் ஹட்டன் நகரத்துக்குத் தெரிந்துவிடும். காரணம், பச்சைக் கொழுந்து அண்ணன்.

பேக்கரிக்கு மேல் மாடியில் அவருடைய கொமினிகேஷன் கடை. ஒரு தொலைபேசி, ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஒரு கணினி. வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகள்களின் அழைப்புக்காகத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் அங்கே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். இன்டர்நெட்டும் அதே தொலைபேசிக் கம்பியில்தான் வரவேண்டும். அது ஓடினால் அழைப்பு வராது, அழைப்பு வந்தால் அது ஓடாது. இந்தச் சந்தில்தான் அண்ணன் விஞ்ஞானம் வளர்த்தார்.

அவருக்கு ஒரே பைத்தியம். ஆராய்ச்சி செய்கிறவர்கள், தங்கள் கட்டுரையை ஆய்வுப் பத்திரிகைக்காரர்கள் சரிபார்த்து அச்சடிக்கும்வரை காத்திராமல், எல்லோரும் பார்க்கட்டும் என்று முன்கூட்டியே இன்டர்நெட்டில் போட்டுவைக்கும் இடங்கள் சில உண்டு. அவற்றை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். நட்சத்திரம், மண்புழு, கணக்கு, மூளை, பொருளாதாரம் என்று துறை பார்க்காமல் கட்டுரைகளை இறக்கித் தாளில் எடுப்பார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சுருக்கத்தை மட்டும் படிப்பார். அடியில் தமிழில் நாலு வரி எழுதி, மாடிப்படிக்குக் கீழே இருந்த பலகையில், மரண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுவார்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சிவப்பு முத்திரை குத்துவார். "பச்சைக் கொழுந்து. இன்னும் வாட்டவில்லை, அரைக்கவில்லை, சலிக்கவில்லை." முன்பு அவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தவர். அவருடைய சொந்தப் பெயர் அந்த முத்திரைக்கு அடியில் எப்போதோ காணாமல் போய்விட்டது.

ஹட்டனில் படிப்பித்த யாழ்ப்பாணத்துக் கணித ஆசிரியர் ஒருவருக்கு இது பிடிக்கவே இல்லை.

"என்ன ஐசே, ஒருத்தரும் சரிபார்க்காததை எல்லாம் கொண்டுவந்து சுவரில ஒட்டுறீர்?"

"சரிபாத்ததத்தான் பேப்பர்ல போடுறாங்களா சார்? நானாவது பச்சைன்னு சொல்லிட்டுப் போடுறேன்."

ஒரு முறை முழுக்கக் குறியீடுகளாகவே இருந்த ஒரு கணக்குக் கட்டுரையை ஒட்டி, அடியில் இப்படி எழுதினார்: "இது எனக்கு விளங்கவில்லை. விளங்கியவர்கள் மேலே வரவும்." ஒரு மாதம் யாரும் வரவில்லை. கடைசியில் அந்த ஆசிரியரே படியேறினார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார். "எனக்கும் விளங்கேல்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாள் பலகையில் இன்னொரு வரி கூடியிருந்தது: "கணித ஆசிரியருக்கும் விளங்கவில்லை."

பிறகு புதுக் கிரகம் வந்தது. எங்கேயோ ஒரு நட்சத்திரத்தைச் சுற்றுகிறதாம். ஒட்டிய மறுநாள் டிக்கோயாவிலிருந்து ஒரு ஜோசியர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"அது எந்த ராசியில ஒக்காருதுங்க? ரெண்டு பொருத்தம் பாத்துக் குடுத்திட்டேன். மாத்தணுமா?"

"ஒரு வாரம் பொறுங்க சாமி. இன்னும் வாட்டல."

ஜோசியர் இரண்டு கல்யாணங்களையும் நிறுத்திவைத்தார். அடுத்த வாரமே, தாங்கள் பார்த்தது கருவியில் படிந்திருந்த தூசி என்று சொல்லி எழுதியவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அண்ணன் அந்தத் தாளைக் கிழிக்கவில்லை. சுற்றிவரக் கறுப்புக் கோடு போட்டு, மேலே "மரண அறிவித்தல்" என்று எழுதினார். கல்யாணங்கள் நடந்தன.

இதையெல்லாம் பார்த்து நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவன்தான், என் முறை வரும்வரை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் இறுதி ஆண்டு ஆய்வுக்கு எங்கள் தோட்டத்து மழையை எடுத்துக்கொண்டேன். தோட்ட ஆபீசில் மழை அளந்து எழுதிய பழைய புத்தகங்கள் அடுக்கடுக்காக இருந்தன. எங்கள் லயத்து வீட்டில் விளக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு நாளாகப் பிரித்துக் கூட்டினேன். கூட்டக் கூட்ட உடம்பு சிலிர்த்தது. எங்கள் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை மழையே இல்லை! திங்கட்கிழமை கொட்டித் தீர்க்கிறது!

காரணமும் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஸ்டோருக்கு ஓய்வு. திங்கட்கிழமை அடுப்பு மூட்டுகிறார்கள், புகை மேலே போகிறது, மேகம் திரள்கிறது. வரைபடம் போட்டேன். இதனால் உலகம் முழுவதும் தொழிற்சாலைகளை ஆராய வேண்டியிருக்கும் என்று முடிவுரையில் எழுதினேன்.

சனிக்கிழமை அதைப் பிரதி எடுக்கக் கொண்டுபோனேன். திங்கட்கிழமை பேராசிரியரிடம் கொடுத்தாக வேண்டும். பட்டமே அதில்தான் இருந்தது.

முதல் பக்கத்தைப் பார்த்ததும் அண்ணனுக்குக் கண் மின்னியது. "தம்பி, போர்ட்ல போடவா?"

"வேணாம்ண்ணே! பேராசிரியர் பாக்க முந்தி யாரும் பாக்கக் கூடாது. யாராவது சுட்டுட்டாங்கன்னா?"

"ஆமாமா, நம்ம ஊர்ல மழையத் திருடுறவன் ஜாஸ்தி" என்று தலையாட்டினார். நான் நம்பிப் போனேன்.

மறுநாள் பிரதிகளை வாங்க வந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தோட்டங்கள் எல்லாம் சாமான் வாங்க டவுனில்தான் இருந்தன. நல்ல மழை. மாடிப்படிக்குக் கீழே ஒரே சிரிப்புச் சத்தம். எட்டிப் பார்த்தேன். பலகையில் என் வரைபடம், அதன் மேல் சிவப்பு முத்திரை. குடையும் பையுமாக நாலைந்து கொழுந்துக்காரப் பெண்கள்.

"ஞாயித்துக்கெழம மழ பேயாதாம்டி!"

"அப்ப கொடைய மடக்குடி. என்னாத்துக்குத் தூக்கிக்கிட்டு நிக்கிற?"

"இது மழ இல்லடி, வேர்வ!"

என் காதில் ரத்தம் ஏறியது. நல்லவேளை, என் பெயர் இருந்த இடத்தைக் காணவில்லை. தாளை அந்த இடத்தில் நேர்த்தியாக உள்ளே மடித்து ஒட்டியிருந்தார் அண்ணன்.

கூட்டத்தில் எங்கள் தோட்டத்து ஆபீஸ் பியூன் மாரிமுத்து மாமாவும் இருந்தார். மழை அளந்து எழுதுகிறவரே அவர்தான். வரைபடத்தைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அட! ஞாயித்துக்கெழம ஆபீசு பூட்டு. நான் எங்க போயி அளக்க? அந்த எடத்துல கோடு கிழிச்சிட்டு, திங்கக்கெழம ரெண்டு நாள் தண்ணியவும் ஒண்ணா ஊத்தி எழுதுவேன். எங்க அப்பா காலத்துலேருந்து அப்புடித்தான். எவன்யா இத எழுதுனது?"

மாடிப்படியில் நின்ற அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "யாரோ ஜெர்மன்காரன்."

"ஜெர்மன்காரனுக்கு நம்ம ஆபீசுப் பொஸ்தகம் எப்புடிய்யா போச்சு?"

"அதான் மாமா விஞ்ஞானம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ முறை நனைந்துகொண்டு கோயிலுக்குப் போனவன் நான். இருந்தும் நம்பினேன். புத்தகத்தில் எழுதியிருந்ததே! எங்கள் வீட்டில் யாரும் அதற்கு முன் புத்தகத்தைச் சந்தேகப்பட்டதில்லை. படிக்க முடிந்தால்தானே சந்தேகப்பட.

கூட்டம் கலைந்ததும் அண்ணன் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன். "வேணாம்னு சொன்னேனேண்ணே!"

"சொன்னீங்கதான். திட்டுங்க, கேட்டுக்கிறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஆனா தம்பி, ஒங்க பேராசிரியர் என்னைக்காவது நம்ம ஆபீசு சாவியப் பாத்திருக்காரா? மாரிமுத்துவத் தெரியுமா அவருக்கு?"

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் அழைப்புகளை நிறுத்திவைத்து இன்டர்நெட்டை ஓடவிட்டு, பேராசிரியருக்கு ஒரு வாரம் அவகாசம் கேட்டு எழுத உதவினார். அன்றைக்கே மின்னஞ்சல் போனது. நாள் கணக்கைத் தூக்கியெறிந்துவிட்டு வாரக் கணக்காகக் கூட்டினேன். திங்கட்கிழமை அதிசயம் மறைந்தது. எந்த மாதத்தில் மழை தள்ளிப்போகிறது என்கிற சாதாரண விஷயம்தான் மிஞ்சியது. பேராசிரியர் தாமதத்துக்குப் புள்ளிகளைக் குறைத்தார், மழைக்குக் குறைக்கவில்லை.

பட்டம் வாங்கி, தலவாக்கலையில் வேலைக்குச் சேர்ந்து சில வருடங்களுக்குப் பிறகு அந்தப் படிகளில் ஏறப்போனேன். பலகையில் எல்லாம் புதிது. ஒரு மூலையில் மட்டும் பழுத்துப்போன ஒரு தாள், சுற்றிவரக் கறுப்புக் கோடு. "மரண அறிவித்தல். திங்கட்கிழமை மழை. துயருறும் நண்பர்: பச்சைக் கொழுந்து." பெயர் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது. மேலே ஏறியதும் அண்ணனிடம் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"கிரகத்தையே கழட்டிட்டீங்க. இத ஏண்ணே இன்னும் வச்சிருக்கீங்க?"

"அது ஒண்ணுதான் தம்பி, இந்த போர்ட்லேயே நம்ம ஊர்க் கடதாசி."

என் பையில் ஒரு புதுக் கட்டுரை இருந்தது. மண்சரிவும் மழையும் பற்றியது. எந்தப் பத்திரிகைக்கும் இன்னும் அனுப்பவில்லை, யாரிடமும் காட்டவில்லை. எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதைப் படிக்கவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையைத் தேடினார்.

"இந்தத் தடவை பேர மடிக்க வேணாம்ண்ணே" என்றேன்.