நாற்பத்தோரு கிலோ கல் உப்பு

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஊரில் உப்பே கிடைக்காதபடி செய்திருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. என் மனைவி இந்தக் கதையை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் பத்து கிலோ கூடிவிடுகிறது. அது லாரிக் கணக்குக்குப் போவதற்குள் நடந்ததை நானே எழுதிவைத்துவிடுவது நல்லது.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கீழக்குயில்குடி தாண்டி, மலையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் வருகிற ஒரு சின்ன ஊரில், அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்பு, மூன்று அறை, நாற்பத்தோரு பிள்ளைகள். தலைமையாசிரியை ஜெயராணி டீச்சர். இன்னொரு டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்ததால், அவர் இடத்தில் ஏப்ரல் வரைக்கும் நான். திருமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். நியமன ஆணையில் 'தற்காலிகம்' என்று இருந்ததை எப்படியோ தெரிந்துகொண்டு ஊரே என்னை 'டெம்பரவரி சார்' என்று கூப்பிட்டது. ("டெம்பரவரி சார், இவன் என்னையக் கிள்ளுறான்" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்போது நம் கண்டிப்பு எங்கே எடுபடும்?)

ஆனால் வந்த ஐந்தே மாதத்தில் அந்தப் பள்ளி எனக்கு அவ்வளவு பிடித்துப்போனது. ஒரு பையன் வரவில்லை என்றால், நான் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே மீதி நாற்பது பேரும் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். "அவங்க ஆடு ரெண்டு குட்டி போட்டிருக்கு சார்." அதில் ஒரு குட்டி கறுப்பு என்பதுவரை தகவல் வரும். மாலையில் அவனுடைய வீட்டுப்பாடம் தானாக அவன் வீட்டுக்குப் போய்விடும். யார் கொண்டுபோனார்கள் என்று நான் கண்டுபிடித்ததே இல்லை.

அந்த வருடம் பள்ளிக்கு ஆபத்து வந்தது. ஊருக்குள் மஞ்சள் வேன் ஒன்று ஆங்கிலப் பள்ளிக்கு ஆள் பிடிக்க வரத் தொடங்கியிருந்தது. தாளாளர் மதுரையில் ஜவுளிக்கடை வைத்திருந்த சௌராஷ்டிரர். அவருடைய அப்பா ஆரம்பித்த பள்ளி அது. ஜூனில் ஒன்றாம் வகுப்புக்கு ஆள் சேராது போலிருக்கிறது, மூடிவிடலாமா என்று நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கடிதம் போட்டிருந்தார்.

"கூட்டாஞ்சோறு அன்னைக்கு வரச் சொல்லுவோம் சார்" என்றார் ஜெயராணி டீச்சர். "வாயில சோத்த வச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடத்த மூடுறேன்னு எவரும் சொல்ல மாட்டாக."

ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய ஒரு சனிக்கிழமை அங்கே வருடா வருடம் கூட்டாஞ்சோறு உண்டு. பிள்ளைகள் வீட்டில் இருப்பதைக் கொண்டுவருவார்கள். சத்துணவு சமைக்கும் முத்துப்பேச்சி அக்கா அன்றைக்கும் வந்து, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டுவார். முந்தைய வருடம் முப்பது பேர் கத்தரிக்காயும் ஆறு பேர் அரிசியும் கொண்டுவந்தார்களாம். இது ஜெயராணி டீச்சருக்குச் சிரிப்பான விஷயம். எனக்கோ நிர்வாகக் கோளாறு. மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கிய ஒருவன் இருக்கும்போது, ஒரு பள்ளி கத்தரிக்காயில் மூழ்கலாமா?

"இந்த வருஷம் என்கிட்ட விட்டுருங்க டீச்சர்" என்றேன். விட்டார். அவர் செய்த ஒரே தப்பு அதுதான்.

நாகமலை புதுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முதல் சீட்டை அடித்தேன். 'அன்புள்ள பெற்றோருக்கு, தங்கள் பிள்ளை அபிநயா கொண்டுவர வேண்டிய பொருள்: கல் உப்பு, ஒரு கிலோ. தங்கள் வீட்டுப் பொருள் சேராவிட்டால் இந்த உணவு நிறைவு பெறாது.' (கடைசி வரியை நானே இரண்டு முறை வாசித்து ரசித்தேன்.) அதை நாற்பது முறை நகல் எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரை மாற்றினேன். பெயர்கள் முடிந்ததும் பொருள்களை மாற்றலாம் என்று இருந்தபோது கரண்ட் போனது. அந்தக் காலத்துக் கரண்ட், போனால் இரண்டு மணி நேரம். நல்லவேளை, அதுவரை அடித்ததைச் சேமித்துவைத்திருந்தேன். (அது நல்லவேளை இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) டீ, வடை, மறுபடி டீ என்று சுற்றிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இனிஷியல்களைச் சரிபார்த்தேன். ஒரு பையனுக்கு 'மு'வா 'மூ'வா என்று டீச்சருக்குப் போன்கூடச் செய்தேன். திருப்தியாக பிரிண்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதோடு விட்டேனா? ஒவ்வொன்றையும் கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்தேன். யார் வீட்டில் என்ன பொருள் என்று ஒருவருக்கொருவர் மூச்சுவிடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கட்டளை போட்டேன். அதுவரை நான் சொன்ன எதையும் கேட்டிராத அந்த நாற்பத்தோரு பேரும், இதை மட்டும் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றபோது, மளிகைக் கடைக்காரர் கடையிலிருந்தே கத்தினார். "சார், ஊர்ல உப்பு தீந்துபோச்சு சார்! செக்கானூரணிக்கு ஆள் அனுப்பியிருக்கேன். என்னான்னே தெரியல."

அப்போதாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும். நானோ, கோடைக்காலத்தில் உடம்புக்கு உப்புச் சத்து எவ்வளவு அவசியம் என்று அவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். பாவம், அவரும் தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை. யாருக்கு என்ன பொருள் என்று எழுதிவைத்திருந்த பட்டியலோடு வாசலில் நின்றேன். அபிநயா உப்பு கொண்டுவந்தாள். டிக் அடித்தேன். அடுத்த பையனும் உப்பு. அவன் அம்மா தப்பாகப் படித்திருப்பார் என்று நினைத்தேன். மூன்றாவது ஆளும் உப்பு. ஒரே வீட்டிலிருந்து அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேர் வந்தார்கள், மூன்று கிலோ. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. (நிஜப் புளிதான் தேவைப்பட்டது. அதைக் கொண்டுவர ஆளே இல்லை.)

ஜெயராணி டீச்சர் வந்து, வரிசையாக அடுக்கியிருந்த உப்பை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்ன சார், உப்பளம் வைக்கப் போறீகளா?"

முத்துப்பேச்சி அக்கா சிரிக்கவில்லை. அண்டாவை உருட்டிக்கொண்டே, "உலைய வச்சுப்புட்டேன். இப்ப என்னத்தப் போட? சாரப் போடவா?" என்றார்.

தாளாளர் ஒரு மணிக்கு வருகிறார். மணி பத்தரை. நான் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஜெயராணி டீச்சர்தான் மணியை எடுத்து அடித்து, "போங்கடா, வீட்டுல என்ன கெடக்கோ தூக்கிட்டு வாங்க. சார் மானத்தக் காப்பாத்துங்க" என்று பிள்ளைகளைக் கிளப்பிவிட்டார்.

முக்கால் மணி நேரத்தில் வந்தார்கள். கூடவே அப்பா அம்மாக்களும் வந்துவிட்டார்கள், என்னதான் ஆயிற்று என்று பார்க்க. அரிசி வந்தது, பருப்பு வந்தது, முருங்கைக்காய் வந்தது. கத்தரிக்காயும் வந்தது. அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் விறகு பிளந்தார்கள். யாரும் யாரையும் வேலை ஏவவில்லை. நான் மட்டும் கையில் பட்டியலோடு குறுக்கே குறுக்கே போய்க்கொண்டிருந்தேன்.

சோற்றுக்கு ஒரு கை உப்பு போதுமே, ஒரு கிலோ எதற்கு என்று அவரவர் யூகித்திருந்ததையும் அப்போதுதான் கேட்டேன். தென்னங்கன்று நடப்போகிறார்கள், குழிக்கு உப்பு வேண்டும் என்று ஒருவர். சுவரில் கரையான் என்று ஒருவர். இன்னொருவர் தாளாளருக்குத் திருஷ்டி சுற்றிப்போடத்தான் என்று நினைத்து, உப்போடு ஒரு கை வற்றல் மிளகாயும் கொடுத்தனுப்பியிருந்தார். நான் சீட்டு எழுதி வந்த பொருள்களில் சமையலுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அந்த மிளகாய்தான்.

எல்லாம் சரியாகியிருக்கும். சீட்டில் அந்தக் கடைசி வரியை மட்டும் நான் எழுதாமல் இருந்திருந்தால்.

முத்துப்பேச்சி அக்கா அளவாக உப்புப் போட்டுவிட்டு அப்பால் நகர்ந்திருக்கிறார். அபிநயா, தன் பாக்கெட் பிரிக்காமலே கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். நம் வீட்டுப் பொருள் சேராவிட்டால் சாப்பாடு நிறைவு பெறாது என்று சாரே எழுதியிருக்கிறாரே! மெல்ல ஒரு கை அள்ளிப் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்தவன். அப்புறம் வரிசை. சத்தமே இல்லாமல், ஒழுங்காக, ஒருவர் பின் ஒருவராக நாற்பத்தோரு பேர். அவர்கள் அப்படி ஒழுங்காக வரிசையில் நின்றதை நான் வேறு என்றைக்கும் பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, தாளாளரை வரவேற்க ரோட்டுக்குப் போயிருந்தேன்.

பந்தி உட்கார்ந்தபோது மணி இரண்டே முக்கால். தாளாளரும் அவர் மனைவியும் பிள்ளைகளோடு தரையிலேயே உட்கார்ந்தார்கள். முதல் வாய் வைத்தேன். நாக்கு மரத்துப்போனது. நிமிர்ந்து பார்த்தேன். நூறு பேரும் அதே வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது ஒரு குட்டிப் பையன் பெருமையாக, "எங்க வீட்டு உப்பு இதுல இருக்குப்பா" என்றான். "எங்களதும்!" "எங்களதும்!" என்று வரிசை முழுக்கக் குரல் ஓடியது. அவன் அப்பா கொத்தனார், பெயர் செல்வம். மகனைப் பார்த்தார். "அதான் இம்புட்டு ருசியா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாய் அள்ளினார். அதற்குப் பிறகு ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. எத்தனை குடம் தண்ணீர் ஓடியது என்று தெரியாது, ஆனால் ஓர் இலையிலும் சோறு மிஞ்சவில்லை.

தாளாளர் மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எங்கள் யாருக்கும் புரியவில்லை. முடிந்தது, பள்ளியை மூடிவிட்டார் என்றே முடிவு கட்டிவிட்டேன். (கூசாமல் சாப்பிடு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்றுதான் சொன்னாராம். அந்த அம்மாவே பிறகு டீச்சரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.)

கை கழுவும்போது அவருக்கு முழுக் கதையையும் சொன்னார்கள். அவர் செல்வத்திடம் கேட்டார். "ஏன்ப்பா, எதுக்கு ஒரு கிலோ உப்புன்னு நீங்க யாருமே கேக்கலையா?"

செல்வத்துக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பள்ளிக்கூடத்துல கேட்டாக, குடுத்தோம்" என்றார். "இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

தாளாளர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஜூனில் ஆறு பிள்ளைகளோடு ஒன்றாம் வகுப்பு திறந்தது. திறக்கும்போது நான் அங்கே இல்லை. ஏப்ரலோடு என் வேலை முடிந்திருந்தது. அதுவரை அந்தப் பள்ளியில் நான் உப்புக்குச் சப்பாணி. கிளம்பும்போது சப்பாணி போய், உப்பு மட்டும் ஒட்டிக்கொண்டது. ஊரே 'உப்பு சார்' என்று பஸ் ஏற்றிவிட்டது.

இப்போது ஒரு பெரிய பள்ளியில் இருக்கிறேன். இரண்டாயிரம் பிள்ளைகள். போன மாதம் அறிவியல் பாடத்துக்காக, நாளை ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் என்று என் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எதற்கு, கட்டாயமா, மார்க் உண்டா, பள்ளியிலேயே கொடுக்கக் கூடாதா என்று பதினேழு கேள்விகள் வந்தன. பழம் நாலு வந்தது. அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அந்த வேப்பமரத்தடியை நினைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்படி ஏங்குவேன் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

பொங்கல் லீவு முடிந்த கூட்டத்தில் மதுரை பஸ் ஸ்டாண்டில் நானும் மனைவியும் பஸ்ஸுக்கு நின்றோம். "உப்பு சார்!" என்று ஒரு குரல். பாதி பஸ் ஸ்டாண்ட் திரும்பிப் பார்த்தது. கோயம்புத்தூர் பஸ் ஜன்னலில் அபிநயா. அங்கே நர்ஸாக இருக்கிறாளாம். மனைவி அப்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தாளாளர் தவறிட்டாரு சார். நம்ம பள்ளிக்கூடத்த மூடிட்டாக. போன மாசம் இடிச்சும்புட்டாக" என்றாள் அபிநயா. "இப்ப பிள்ளைக ஆளுக்கொரு வேன்ல போகுதுக. ஒன்ன ஒன்னு தெரிய மாட்டேங்குது சார்."

நன்றாகப் படி என்றேன். (படித்து முடித்து வேலைக்குப் போகிற பெண்ணிடம்!) பஸ் நகர்ந்தது. அவள் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"சார், எது வேணும்னாலும் ஒரு சீட்டு எழுதி விடுங்க. கொண்டாந்துருவோம்!"

மனைவி திருமங்கலம் வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள். நானும் சிரித்தேன். எழுதினால் வந்துவிடுவார்கள், அது எனக்குத் தெரியும். எந்த இடத்துக்கு வரச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.