கென்னடி சேகரிப்பில் சேகரித்தவர் யார்

அநீதி நடந்தது என் அம்மா குளோரிக்கு. செய்தவர் என் அப்பா, ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர் மரியஜான். இடம், இரணியலில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஆயுதம், ஒரு நீலப் பேனா. எங்கள் வீட்டுச் சேகரிப்பை வாங்கிக்கொள்ள ஆவணக் காப்பகம் அனுப்பிய படிவத்தில் 'சேகரித்தவர்' என்ற கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதினார். பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

சேகரிப்பு என்னவென்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி அறுபதுகளில் குமரிக் கடற்கரை வீடுகளுக்குள் எப்படி நுழைந்தார் என்பதற்கான சான்றுகள். காலண்டர் படங்கள், மஞ்சளாகிப்போன செய்தித்தாள்கள், அமெரிக்க உதவியாக வந்த பால்பவுடர் தகரம், கோதுமைச் சாக்கு, கென்னடி என்று பெயர் வைத்த பிள்ளைகளின் ஞானஸ்நானப் புகைப்படங்கள். மொத்தம் இருநூற்றுப் பதினாலு. பதினாறு வருஷ உழைப்பு.

யாருடைய உழைப்பு? அதுதான் என் வழக்கு.

ஆரம்பத்தில் அப்பா தானே முயன்றார். கடியபட்டணத்தில் ஒரு வீடு. திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்தில் கென்னடி. இருவருக்கும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் மாலை. வீட்டுக்காரர், "இந்தப் புனிதர்ட்ட என்ன கேட்டா கிடைக்கும் சார்?" என்று பணிவாகக் கேட்டிருக்கிறார். அவர் புனிதரே இல்லை என்று அப்பா முக்கால் மணி நேரம் வகுப்பெடுத்தார். கதவைச் சாத்திவிட்டார்கள்.

மறுவாரம் அதே வீட்டுக்கு அம்மா போனாள், அப்பாவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, அடுக்களை வழியாக. செபம் சொல்லும் சுவரில் ஒரு படத்தை எடுத்தால் அந்த ஆணியை வெறுமனே விடமாட்டார்கள், வீட்டுக்கு ஆகாது. இது அம்மாவுக்குத் தெரியும். பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட அந்தோணியார் படத்தை எடுத்தாள். "இவர மாட்டுங்க. காணாமப் போனதெல்லாம் கிடைக்கும். அவர நான் பத்திரமா வச்சிருக்கேன்." பத்து நிமிஷம். கென்னடி இறங்கினார், அந்தோணியார் ஏறினார். இப்படிக் கடற்கரை முழுக்க அம்மா ஆட்சி மாற்றம் செய்தாள்.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் அப்பா மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு பொருளும் எந்த வீடு, எந்த வருஷம், எப்படிக் கிடைத்தது என்று எழுத வேண்டும். அப்பாவுக்கு அமெரிக்கத் தேர்தல் முடிவுகள் மாநிலம் மாநிலமாகத் தெரியும். கோதுமைச் சாக்கு எந்த வீட்டுச் சாக்கு என்று தெரியாது.

"அம்மாட்ட கேளுங்க," என்றேன்.

"கேட்டா அவ பேரையும் போடணும்னு சொல்லுவ."

"போட்டா என்ன?"

"ஏட்டி சிந்தியா, சேகரிப்புங்கது ஒரு ஆய்வு நோக்கு. பொருள எடுத்துட்டு வாறது வேற."

"எடுத்துட்டு வர ஆளில்லேன்னா உங்க நோக்கு எதைப் பாத்துட்டு இருக்கும்?"

"நீ போய் படி."

படித்ததால்தான் கேட்கிறேன் என்பது இவருக்கு ஒருநாளும் புரியாது.

அடுக்களைக்குப் போனேன். அம்மா சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உனக்க உழைப்ப பட்டப்பகல்ல திருடுதாரு."

"விலங்கு மாட்டணுமா மக்கா?"

"ஒரு வார்த்தை கேக்கலாம்லா?"

"அந்த உப்ப எடு."

இப்படியொரு பெண்ணை வைத்துக்கொண்டு நான் எந்த உரிமையை மீட்பது?

அப்பா இதற்குள் ஒரு திட்டம் போட்டுவிட்டார். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அடுக்களையில் மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பிறகு பால்பவுடர் தகரத்தோடு, ஏதோ காற்று வாங்க வந்தவர்போல உள்ளே வந்தார்.

"குளோரி, இது எங்கருந்து வந்ததாக்கும்?"

"எதுக்கு?"

"சும்மா. ஓர்மை வந்துது."

"பதினாறு வருசமா வராத ஓர்மையா?" அம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "முட்டத்துல பிலோமினாக்கா வீடு. ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. அவியளுக்க மாமியாரு அதுல உப்பு போட்டு வச்சிருந்தாவ. நாந்தான் பேசி வாங்கினேன்."

அப்பா அடுத்த பொருளை எடுக்க ஓடினார். நாலு நாள் இதே ஓட்டம். இரண்டாம் நாளிலிருந்து அம்மா, பூசையில் வாசகம் வாசிப்பவள்போலப் பேசினாள். "குளச்சல். ராஜையன் வீடு. ரெண்டாயிரத்து ஒம்பது. வாங்கினது குளோரி."

"எப்பிடித் தெளிவா சொல்லுதா பாரு," என்று அப்பா என்னிடம் பூரித்துப்போனார். மிளகாய்ப்பொடி டப்பாவைத் தொடாமல் ஒருத்தி நாலு நாள் மீன்குழம்பு வைக்க முடியுமா என்று பேராசிரியர் யோசிக்கவில்லை.

தட்டச்சு வேலை என் தலையில். இருநூற்றுப் பதினாலு தடவை 'நாந்தான் வாங்கினேன்', இல்லையென்றால் 'வாங்கினது குளோரி'.

"அத 'ஆய்வுக் குழு வாங்கியது'ன்னு மாத்து," என்றார் அப்பா.

"குழுவுல யாரெல்லாம்?"

"நான்." யோசித்தார். "நாந்தான்."

"சான்றில கைவைக்கிறவன் சரித்திரக்காரன் இல்லேன்னு முப்பத்து மூணு வருஷம் வகுப்புல சொன்னியளே?"

"சொன்னேன்."

"அப்போ கைய எடுங்க."

அப்பா உள்ளூர நேர்மையானவர். அவரோடு சண்டை போடுவதில் உள்ள தொந்தரவே அதுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரி, அப்பிடியே பின்னிணைப்பா வை. ஒலிப்பதிவையும் சேத்து அனுப்பு. முதல் பக்கத்துல எனக்க பேரு இருக்கு. பின்னிணைப்ப எவன் வாசிக்கான்?"

அதை வாசிப்பதற்கென்றே வேலைக்கு வைத்த ஒருவர் இருந்தார். காப்பக அலுவலர் ராஜமணி. எல்லாம் அனுப்பிச் சில வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை வேனோடு வந்தார். அப்பா புதுச்சட்டை போட்டு வாசலில் நின்று கையை நீட்டினார். ராஜமணி கையைக் குலுக்கிக்கொண்டே, அப்பாவின் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"குளோரி மேடம் இருக்காங்களா?"

அம்மா அடுக்களையிலிருந்து வந்தாள். ராஜமணி தன் போனை மேசையில் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டார். எண்ணெய் பொரியும் சத்தம். அப்பாவின் செருப்பு வெளியே போகும் சத்தம். பிறகு, மிக அருகில், அம்மாவின் குரல்:

"சாரே, இவிய அடுத்தத எடுக்கப் போயிருக்காவ. இவியளுக்கு ஒண்ணும் ஓர்மை கிடையாது. சந்தேகம் இருந்தா எனக்குப் போன் போடுங்க, நம்பரு சொல்லுதேன்."

"போட்டோம் சார். ரெண்டு மணி நேரம் பேசினாங்க," என்றார் ராஜமணி.

அப்பா என்னைப் பார்த்தார். "இத நீ கேட்டியா?"

"கேட்டேன். கைவைக்கல்ல."

ராஜமணி புதுப் படிவம் கொண்டுவந்திருந்தார். சேகரித்தவர்: குளோரி. அப்பா அதை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை வாசித்தார். அவர் பெயர் எங்குமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஒண்ணுமே செய்யல்லியா குளோரி?"

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குரலைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் வழக்கு வழக்குதான்.

"கடைசியில ஒரு கட்டம் இருக்கு மேடம்," என்றார் ராஜமணி. "'சேகரிப்பில் பிறர் பங்கு'. சாருக்கு அங்க என்ன எழுதணும்னு நீங்கதான் சொல்லணும்."

நான் தயாராக இருந்தேன். மூன்று பத்தி, இரண்டு மேற்கோள். என்னை யாரும் கேட்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தாள். நியாயமாகச் சொல்ல வேண்டுமே என்ற கவலையோடு யோசித்தாள்.

"அவியதான் ஸ்கூட்டர் ஓட்டினாவ. பதினாறு வருசத்துல ஒருக்காகூட என்னைக் கீழ போடல்ல."