வெள்ளிக்கிழமைக் காளான்

மூன்றாவது ஏப்பம் விட்ட பிறகுதான் சவரிநாதன் கைப்பேசியைப் பார்த்தார்.

படம் அனுப்பினால் காளானின் பேர் சொல்லும் ஆப். காலையில் அனுப்பியதற்கு இப்போதுதான் பதில்: 'காட்டு மரங்களில் சர்வ சாதாரணமாக முளைப்பது. உண்ணத் தகாதது.'

தவக்காலம், அதிலும் வெள்ளிக்கிழமை. வீட்டில் கறி கூடாது. ஹார்பரில் கப்பலிலிருந்து இறக்கிய மரக்கட்டைகளில் விசிறி விசிறியாய்ப் பூத்திருந்ததைப் பார்த்து, அங்கே கிளார்க்கான சவரிநாதன் ஆசையாய் ஒரு பை பறித்து வந்தார். மனைவி டோரதிக்குக் கையில் மாவுக்கட்டு. பக்கத்து வீட்டு கோவிந்தம்மாதான் மசாலா தூக்கலாய்க் குழம்பு வைத்துவிட்டு, மாதவரத்தில் மகளைப் பார்க்கப் போனாள். புருஷனும் பெண்டாட்டியும் சட்டியை வழித்துவிட்டார்கள்.

"டோரதி, நாம துன்னது விஷம்!"

"அய்யோ மாதாவே! கோவிந்தம்மாக்கு போன் போடுய்யா!"

சுவிட்ச் ஆஃப்.

மாடி வீட்டு டில்லிபாபு ஓடி வந்தான். "உப்புத் தண்ணி குடி மாமு. மொத்தமும் வெளிய வந்துரும்."

இரண்டு சொம்பு போயிற்று. ஒன்றும் வரவில்லை. வயிறுதான் பானையாய் உப்பியது.

"அப்ப வெளக்கெண்ணெய்!"

அது வேலை செய்தது. அரை மணி நேரம் கழிப்பறையில் குந்தியிருந்துவிட்டு, சவரிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"டில்லி, காலு மரத்துப் போச்சுடா."

"வெஷம் நரம்புல ஏறிகினு கீது மாமு!"

கூப்பிட்ட ஆட்டோக்காரரோ கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஒரு மணி நேரமாய் "வந்துகினே கீறேன்" என்றார்.

சவரிநாதன் தரையில் சரிந்தார். ரிடையராக இன்னும் ஏழே மாதம். அதற்குள் கல்லறைத் தோட்டம்.

"டோரதி, மனசுல வச்சிகினு சாவ முடியல. போன வெள்ளி, அதுக்கு மொத வெள்ளி, ரெண்டு நாளும் கடையில பீஃப் வறுவல் துன்னேன்."

மாவுக்கட்டுக் கையாலேயே முதுகில் ஒன்று விழுந்தது.

"அடப்பாவி! சாம்பல் புதன்லேர்ந்து முட்டைகூட தொடாம கீறேன் நானு! நீ நரகத்துக்குப் போ. நானாவது சுத்தமா போய்ச் சேர்றேன்!"

வாசலில் செருப்புச் சத்தம். கோவிந்தம்மா.

"வாடி! காளான ஆக்கிப் போட்டு எங்கள சாவடிச்சிட்டியேடி!"

"காளானா? அது பத்து விசிலுக்கும் ரப்பராட்டம் கெடந்துச்சு, கடாசிட்டேன். அண்ணன் ஆசையா கொணாந்தாரேன்னு மனசு கேக்காம ஆட்டுக்கொடல் வாங்கியாந்து அதே மசாலாவுல போட்டேன், நல்லா வெந்திருந்துச்சாக்கா?"